செல்லையாவின் சிவப்பு வாளி ஃபில்டர்

என் வீட்டுக்காரர் செல்லையாவை ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் ‘இஞ்சின்’ செல்லையா என்று சொன்னால்தான் தெரியும். அது முகத்துக்கு நேராகச் சொல்கிற பேர். முதுகுக்குப் பின்னால் ‘வயித்தெரிச்சல்’ செல்லையா என்று இன்னொரு பேரும் இருந்தது. வைத்தவள் பக்கத்து வீட்டுக் காளியம்மா. அதற்காக அவளோடு வெகுநாள் நான் பேசவில்லை. ஆனால் அவள் சொன்னதில் எது பொய் என்று என்னால் எடுத்துக்காட்டவும் முடியவில்லை.

எங்களை வேலை வாங்குகிற மண்டோர் புது சைக்கிள் வாங்கினால் இவருக்குச் சோறு இறங்காது. காளியம்மா வீட்டுப் பப்பாளி குலை குலையாய்க் காய்த்துவிட்டால், எங்கள் கொல்லைக்குப் போய் எங்கள் பப்பாளி மரத்தைத் திட்டிவிட்டு வருவார். “உனக்கு நான் என்ன கொற வச்சேன்? சாணி போடலயா, தண்ணி ஊத்தலயா?” என்று ஒரு மரத்திடம் நியாயம் கேட்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். பார்த்தது மட்டுமா, கழுத்தை நீட்டித் தாலியும் வாங்கிக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடுத்தவன் கெட்டுப்போகட்டும் என்கிற பொறாமை அவருக்குக் கிடையாது. எனக்கும் வேணும், அதுவும் என் கையால செஞ்சதா வேணும் என்கிற பொறாமை. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டுக் கூரையில் டிவி ஏரியல் ஏறியதும், இவர் ஓட்டை சைக்கிளின் ரிம்மை மூங்கிலில் கட்டி எங்கள் வரிசை வீட்டு லயத்துக் கூரைமேல் நட்டார். படம் என்னவோ மழை பெய்கிற மாதிரிதான் தெரிந்தது. ஆனால் தெரிந்தது. அன்றைக்கு அவர் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

எனக்குப் பொறாமை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. நான் வாய்விட்டுக் கத்தித் தீர்த்துவிடுவேன். அவர் உள்ளே வைத்துப் புகைவார். அவ்வளவுதான் வித்தியாசம்.

மலேசியாவில், சிலாங்கூர்ப் பக்கம், பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஈஜோக் போகிற வழியில் எங்கள் தோட்டம். அங்கேயே பிறந்து, கால்வாய் வெட்டுகிற அப்பாவை இளம் வயதிலேயே பறிகொடுத்து, இஞ்சின் கொட்டகையில் எண்ணெய் துடைக்கிற வேலைக்குப் போனவர் இவர். துடைத்துத் துடைத்தே இஞ்சினைக் கற்றுக்கொண்டார். எண்பதுகளில் எங்கள் லயத்துக்கு வெளிக் கரண்ட் வரவில்லை. தோட்டத்து இஞ்சின்தான் வெளிச்சம் கொடுக்கும். பொழுது சாய்ந்தால் இவர் போய் அதை முடுக்குவார். பத்து மணிக்கு விளக்கை ஒரு தடவை மங்க வைத்துக் காட்டிவிட்டு நிறுத்துவார். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு முன்னால் மறுபடி கொஞ்ச நேரம். பகலில் கரண்ட் என்கிற பேச்சே கிடையாது. கோயில் திருவிழா நாளில் மட்டும் ஒலிபெருக்கிக்காகப் பகலிலும் இஞ்சின் ஓடும்.

இனி சகலைக்கு வருகிறேன். என் தங்கை லீலாவதியின் புருஷன் உமாபதி, கோலசிலாங்கூரில் ஓர் ஆபீசில் கிளார்க்கு. இந்த உமாபதி முதலில் பெண் பார்க்க வந்தது என்னைத்தான். தஞ்சோங் காராங்கிலிருந்து அம்மா அப்பாவோடு வாடகைக் கார் பிடித்து வந்தார். நான் புடவை கட்டித் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தது லீலா. அந்த வாரமே தகவல் வந்தது: மூத்தது வேண்டாம், தட்டு கொண்டு வந்த சின்னப் பெண்ணைக் கேட்கிறார்கள்.

எங்கள் அப்பா ரெங்கசாமிக்குக் கிளார்க்கு மாப்பிள்ளையை விட மனசில்லை. மூத்தவளை வீட்டில் வைத்துக்கொண்டு சின்னவளைக் கொடுக்கவும் முடியாது. அவசர அவசரமாக அலைந்து பிடித்த மாப்பிள்ளைதான் செல்லையா. எனக்கு முதலில் தாலி ஏறியது, அடுத்த முகூர்த்தத்தில் லீலாவுக்கு. இந்தக் கதை தோட்டம் முழுக்கத் தெரியும். இவருக்கும் தெரியும். தன்னை அவசரத்துக்குப் பிடித்தார்கள் என்பது ஒரு பக்கம். தன் பெண்டாட்டியைத் தனக்கு முன்னால் ஒருத்தன் உட்கார்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று எழுந்து போயிருக்கிறான் என்பது இன்னொரு பக்கம். எந்தப் பக்கம் அதிகமாக எரிந்தது என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. உமாபதியை நான் முறை சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. “வாங்க, சாப்பிடுங்க” என்பதோடு சரி.

எண்பத்து நான்காம் வருடம் தீபாவளிக்கு மறுநாள் லீலா வீட்டுக்குப் போயிருந்தோம். புதுக் குடியிருப்பான தாமானில் வீடு. வழவழவென்று மொசைக் தரை. கால் வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது, வயிறும் எரிந்தது. என் வீட்டுச் சிமெண்டுத் தரையை எத்தனை தேய்த்தாலும் அப்படி மினுக்குமா? லீலா ஐஸ் பெட்டியைத் திறந்து திறந்து மூடினாள். திறக்கத் தேவையே இல்லாதபோதும் திறந்தாள்.

இவர் எதையும் பார்க்கவில்லை. டிவி பக்கத்தில் இருந்த மீன் தொட்டியின் முன்னால் குந்தியவர் குந்தியவர்தான். கண்ணாடித் தொட்டி, உள்ளே தங்க மீன்கள், தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத் தெளிவு. மேலே ஒரு பெட்டி, அதில் வெள்ளைப் பஞ்சு. சின்ன மோட்டார் ஒன்று முனகிக்கொண்டே தண்ணீரை மேலே இழுத்துப் பஞ்சு வழியாக மறுபடி கீழே விட்டது.

“இதுதான் ஃபில்டர்ணே,” என்றார் உமாபதி. “கோலாலம்பூர்ல வாங்கினது. ராவும் பகலும் ஓடும்.”

“இந்த மாதிரி ஒண்ணு நம்ம வீட்லயும் வைக்கலாம்,” என்றார் இவர், என்னைப் பார்த்து.

உமாபதி சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, பழகிய சிரிப்புதான். “உங்க தோட்டத்துத் தண்ணிக்குத் தவளதான்ணே வளரும்.”

லீலா கெக்கெக்கே என்று சிரித்தாள். இவரும் சிரித்த மாதிரி வாயைக் காட்டினார். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளை ஈஜோக் வரைக்கும் ஒரே விரட்டாக விரட்டினார். ஈஜோக் முச்சந்தியில் நிறுத்தி, திரும்பாமலேயே சொன்னார்: “அவன் வாயாலயே சொல்ல வைக்கிறேன் பாரு. ‘அண்ணே, நல்லா செஞ்சிருக்கீங்க’ன்னு அவன் சொல்லணும். உன் முன்னாடி சொல்லணும்.”

“சொல்லி?”

“சொல்லணும்,” என்றார். அவ்வளவுதான்.

துரை பங்களாவில் ஜன்னல் மாற்றியபோது கழித்துப்போட்ட கண்ணாடிகளைக் கேட்டு வாங்கி வந்தார். இஞ்சின் கொட்டகையில் இரும்புச் சட்டம் ஒட்டி, பட்டி வைத்துப் பூசித் தொட்டி தயாரானது. முதலில் இரண்டு மூலையில் ஒழுகியது. மறுபடி பூசினார். அடுத்தது ஃபில்டர். எங்கள் குழாயில் வருகிற தண்ணீர் ஆற்றுத் தண்ணீர், மழைக் காலத்தில் பால் ஊற்றாத தேத்தண்ணி நிறம். அதைத் தெளிய வைக்க வேண்டும். கடையில் விற்கிற ஃபில்டர் என்றால் கௌரவக் குறைச்சல். பரணில் கிடந்த என் பழைய பால் வாளிகளை இறக்கினார். அடியில் ஆணியால் துளை போட்டு, மரச் சட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தினார். மேல் வாளியில் பழைய மெத்தையின் ஸ்பாஞ்சும் கூழாங்கல்லும். நடு வாளியில் கழுவிய ஆற்று மணல். கீழ் வாளியில் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு உடைத்த கரி. மேலே ஊற்றினால் கீழே சொட்டுச் சொட்டாகத் தெளிந்த தண்ணீர் தொட்டிக்குள் விழுந்தது. எனக்கே ஆச்சரியம்! கோலசிலாங்கூர் பசாரில் சீனன் கடையிலிருந்து தங்க மீன்கள் வாங்கி வந்து விட்டார்.

பொங்கலுக்கு லீலா மட்டும் வந்தாள். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“என்னக்கா, தொட்டிகிட்ட ஒரே மூத்திர நாத்தம்?”

எனக்கு வந்ததே கோபம்! “மொசைக்குல நடக்குற மூக்குக்கு லயத்து வீடு நாறத்தான்டி செய்யும்,” என்றேன். அவள் பொங்கலைப் பாதியில் வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலை மீன்கள் எல்லாம் மல்லாந்து மிதந்தன. மகள் கங்கா பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அழுதாள். “உன் தங்கச்சி கண்ணு,” என்றார் இவர். எனக்கும் அதில் சந்தேகமே இல்லை. உப்பும் மிளகாயும் எடுத்துத் தொட்டியைச் சுற்றி, அடுப்பில் போட்டு வெடிக்க விட்டேன். புது மீன் வந்தது. அதுவும் செத்தது. மறுபடி சுற்றிப் போட்டேன். மூன்றாவது தடவை மீன் வாங்கப் போனபோது, சீனன் கடையில் இவரைப் பார்த்துச் சிரித்தார்களாம்.

அந்தச் சமயத்தில் பாகான் நக்கோடா ஓமாரில் இவருக்குத் தெரிந்த ஒருவரின் படகு இஞ்சின் கெட்டுப்போய், பழுது பார்க்கக் கூப்பிட்டார்கள். லீவு போட்டுப் போய் நாலைந்து நாள் கடற்காற்றில் கிடந்தார். திரும்பி வந்தவர் வீட்டு வாசலில் கால் வைத்ததும் நின்றார்.

“என்னடி நாத்தம் இது?”

“என்ன நாத்தம்? ஒண்ணும் இல்லயே.”

அவர் நேராகத் தொட்டியிடம் போனார். குனிந்து வாளியை மோந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மரத்திலிருந்து எடுக்கிற ரப்பர்ப் பால் உறையாமல் இருக்க வாளியில் அமோனியா விடுவோம். மருந்து என்போம் நாங்கள். அந்த வாளிகள் எத்தனையோ வருடம் மருந்து குடித்த வாளிகள். ஓரமெல்லாம் காய்ந்த பால் சவ்வு. அதன் வழியாக ஊற்றிய தண்ணீரில் மீன் எப்படி நிற்கும்? எனக்கு ஏன் நாறவில்லை என்கிறீர்கள். பன்னிரண்டு வயதிலிருந்து பால் காட்டில் நிற்கிறேன், எனக்கு அது நாற்றமே இல்லை, காற்று. இவருக்கும் அப்படித்தான், கடற்காற்று வந்து மூக்கைக் கழுவுகிற வரைக்கும்.

“அப்ப லீலா சொன்னது சரிதானா?” என்றேன்.

மீன்கள் செத்ததைவிட அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது. “அவகிட்ட சொல்லித் தொலைக்காத,” என்றார்.

புதிதாக மூன்று பிளாஸ்டிக் வாளிகள் வந்தன. நல்ல சிவப்பு. மணல் புதிது, கரி புதிது, ஸ்பாஞ்சு புதிது. சொட்டுகிற துளையில் தீக்குச்சி செருகி, மெள்ள விழுகிற மாதிரி பண்ணினார். தொட்டியை மழைத் தண்ணீரால் கழுவி, கொஞ்சநாள் மீன் இல்லாமல் தண்ணீரை மட்டும் ஓட விட்டார். பிறகு மீன் வந்தது. நின்றது. வளர்ந்தது. வால் விரித்தது.

எல்லாம் சரி. கீழே விழுந்த தண்ணீரை மறுபடி மேலே ஏற்றுவது யார்? உமாபதி வீட்டில் மோட்டார் ஏற்றியது. எங்கள் வீட்டில் பகலில் கரண்ட் ஏது?

“கொஞ்ச நாளைக்கு நீ மொண்டு ஊத்து,” என்றார். “பேட்டரில ஓடுற மாதிரி ஒரு மோட்டார் நானே கட்டிடுறேன்.”

அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. கருக்கலில் பெரட்டுக்குப் போகுமுன் தொட்டியிலிருந்து செம்பால் மொண்டு மேல் வாளியில் ஊற்றுவேன். ஊற்றிவிட்டு, பால் வாளி மாட்டித் தோளில் தூக்குகிற காண்டாக் கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவேன். மரத்தில் பட்டை வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொட்டிவிட்டு வந்ததும் கைகூடக் கழுவாமல், இல்லை இல்லை, கையை நன்றாகக் கழுவிவிட்டு ஊற்றுவேன். பால் கையைத் தண்ணீரில் விட்டால் அவர் என்னைக் கொன்றுவிடுவார். சாயங்காலம் உலை வைத்துவிட்டு மறுபடி. தோள் விட்டுப் போகும். திட்டிக்கொண்டே ஊற்றுவேன். ஆனால் ஊற்றாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். உமாபதி அன்றைக்குச் சொன்ன தவளை என் காதிலும்தான் கத்திக்கொண்டிருந்தது.

லயமே வந்து பார்த்தது. காளியம்மா வந்து தொட்டியைப் பார்த்தாள், அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குத் தோள் வலி பாதி குறைந்தது. இவர் எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். மணல் என்ன செய்யும், கரி என்ன செய்யும். தண்ணீர் எப்படி மேலே போகிறது என்று கேட்டால், “அது ஆட்டோமேட்டிக்,” என்பார்.

சித்திரையில் மாரியம்மன் கோயில் திருவிழா. லீலாவும் உமாபதியும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரமாக இவர் தூங்கினாரா என்பதே சந்தேகம். கண்ணாடியைத் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். திருவிழா அன்று காலை இஞ்சினை முடுக்கிவிட்டு வந்தவர், ஒரு கறுப்பு வயரை மேல் வாளியிலிருந்து இறக்கி, சட்டத்தின் பின்பக்கமாகச் சுற்றி எங்கேயோ மறைத்தார்.

“இது எதுக்கு?”

“சும்மா. பாக்க ஒரு லட்சணம்.”

விருந்தாளிகள் வருகிற நேரம் பார்த்து என்னை வாளி நிறைய ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு தோட்டத்தையே தூக்கிக்கொண்டு போனது. அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான் கலர் ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்படி வாசல் வழியாகக் கண்ணும் காதும் கூடத்தில்தான் இருந்தன.

தண்ணீர் பளிச்சென்று இருந்தது, மீன்கள் வாலை விசிறின, சொட்டு விழுந்துகொண்டிருந்தது. உமாபதி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மோட்டார் எங்க மாமா?” இது லீலா.

“உள்ளுக்குள்ள இருக்கு. தெரியாது. சத்தமில்லாத மோட்டாரு.”

அந்தச் சத்தமில்லாத மோட்டார் அடுப்படியில் கண் எரியக் கறி கிண்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. என் பெண்டாட்டிதான் ஊத்துறா என்று ஒரு வார்த்தை சொன்னால் இவர் தலை இறங்கிவிடுமா? அகப்பையை ஓங்கி வைத்தேன்.

அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். சொட்டு மெலிந்தது. இவர் இருமினார். நான் போகவில்லை. “திலகம், கொஞ்சம் இங்க வாயேன்,” என்றார். “கறி அடி புடிக்கும்,” என்றேன். மறுபடி இருமினார், அடிவயிற்றிலிருந்து. நான் உப்புப் பார்த்தேன். சொட்டு நின்றது.

“என்னண்ணே, நின்னுபோச்சே?” என்றார் உமாபதி.

“அது வந்து, பகல்ல கரண்ட் இல்லல்ல. அதான்.”

வாசலுக்கு வெளியே ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. அந்த இஞ்சினைக் காலையில் முடுக்கிவிட்டு வந்ததே இவர்தான். பொறாமை பிடித்தால் மனிதருக்குக் காதும் கேட்காது போல.

உமாபதி எழுந்தார். கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே சட்டத்தின் பின்னால் போனார். வயரின் முனை அவர் கையோடு வந்துவிட்டது. “இது எங்கயும் போகலயே லா, அண்ணே,” என்றார்.

லீலா சிரித்தாள். அதே கெக்கெக்கே.

நான் எட்டிப் பார்த்தேன். இவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, பிடிபட்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதரை ஏச எனக்கு உரிமை இருக்கிறது, சிரிக்கவும் இருக்கிறது. இவள் யார் சிரிக்க? கறியை இறக்கினேன். கையைக் கழுவினேன். செம்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

“கொஞ்சம் தள்ளுங்க, மோட்டார் வருது,” என்றேன்.

தொட்டியில் மொண்டு மேல் வாளியில் ஊற்றினேன். மறுபடி மொண்டேன், ஊற்றினேன். வாளி நிறைந்தது. சொட்டு விழ ஆரம்பித்தது.

“தெனமும் நீங்களாக்கா ஊத்துறீங்க?” உமாபதி கேட்டார்.

“பின்ன? பெரட்டுக்கு முன்ன ஒரு தடவ, பால் நிறுத்துட்டு வந்து ஒரு தடவ, ஒல வச்சிட்டு ஒரு தடவ. வாளியக் கட்டுனது அவரு. மணலு, கரி, துளை எல்லாம் அவரு கணக்கு. கரண்ட்டு மட்டும் நானு.”

உமாபதி கையிலிருந்த வயரைக் கீழே போட்டார். “எங்க வீட்டுத் தொட்டி காலிக்கா,” என்றார். “போன மாசம் மோட்டார் கெட்டுப்போச்சு. ரெண்டு நாளைக்குத் தண்ணிய மாத்துன்னு சொன்னேன். எல்லா மீனும் போச்சு. இப்ப அதுல பழைய பேப்பர் கெடக்கு.”

“நான் என்ன மீனுக்கு வேலக்காரியா?” என்றாள் லீலா.

அவர் லீலாவைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த செம்பைப் பார்த்தார். பிறகு இவரிடம் திரும்பி, “நீங்க குடுத்து வச்சவருண்ணே,” என்றார். சிரிக்காமல் சொன்னார்.

எனக்கு இனித்தது. ஏன் இனிக்கக்கூடாது? பலகாரத் தட்டு கொண்டுவந்தவளைப் பார்த்துவிட்டு என்னை வேண்டாம் என்று எழுந்து போன வாய் அது. அந்த வாய் அதைச் சொன்னது. லீலாவின் முகம் பூசணிக்காய் மாதிரி உப்பிப்போனது. அவள் மொசைக்கையும் ஐஸ் பெட்டியையும் பார்த்து எத்தனை வருடம் நான் எரிந்திருக்கிறேன்! அன்றைக்கு அவள் முறை. சாப்பாட்டில் கறியை அவளுக்குத்தான் நிறையப் போட்டேன்.

ஆனால் இவர்? ஃபில்டரைப் பற்றி உமாபதி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லா செஞ்சிருக்கீங்க என்று சொல்லவே இல்லை. இத்தனை நாள் ஏங்கிய வார்த்தை வரவில்லை, ஏங்காத வார்த்தை வந்து என்மேல் விழுந்தது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அவர்கள் கிளம்பிப் போனதும் வெடித்தார்.

“அவனுக்கு என்னடி உன்னப் புகழ்ற வேல?”

“உங்களத்தான சொன்னாரு, குடுத்து வச்சவருன்னு.”

“என்னச் சொன்னானா? உன்னப் பாத்துச் சொன்னான். செம்பப் பாத்து, கையப் பாத்து. அன்னிக்கு வேணாம்னு போனவன் இன்னிக்கு வந்து என் வீட்ல ஒக்காந்து கணக்குப் பாக்குறான்!”

“நீங்க பொய் சொல்லாம இருந்தா நான் ஏன் செம்பத் தூக்கிட்டு வரேன்? சத்தமில்லாத மோட்டாராம்! ஒரு வார்த்த சொல்ல நாக்கு வரல உங்களுக்கு.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு இஞ்சின் கொட்டகைக்குப் போய்விட்டார். கோயிலில் பூமிதி முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய பிறகுதான் வந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் கருக்கலில் எழுந்து தொட்டிப் பக்கம் போனேன். எனக்கு முன்னால் அவர் அங்கே நின்றார். கையில் செம்பு. மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத கை, பாதித் தண்ணீர் சட்டத்திலும் தரையிலும் ஓடியது.

“குடுங்க, நான் ஊத்துறேன்.”

“நீ ஊத்தாத.”

“ஏன்?”

அவர் திரும்பவில்லை. “அவன் ஏன்டி அதச் சொன்னான்?”

“தோணுச்சு, சொன்னாரு.”

“அப்ப எனக்குத் தோணாதா? இத்தன வருசமா எனக்குத் தோணலன்னு நெனச்சியா?”

“தோணுனா சொல்ல வேண்டியதுதான? காத என்ன அடகா வச்சிருக்கேன்?”

பெரட்டு மணி அடித்தது. வெளியே காளியம்மா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். நான் நகரவில்லை. அவர் வாயைத் திறந்தார். மூடினார். காது மடல் சிவந்துவிட்டது. எத்தனை பெரிய இஞ்சினை முடுக்குகிற மனிதர், இதை முடுக்கத் தெரியாமல் நின்றார்.

“சொல்லுங்களேன்,” என்றேன்.

அவர் செம்பைத் தொட்டிக்குள் விட்டு மொண்டார். மேல் வாளியில் ஊற்றினார். “அவன் சொன்னத நான் திருப்பிச் சொல்ல மாட்டேன்,” என்றார். “நான் வேற சொல்லுவேன்.”

“என்ன?”

“நீ ஒக்காரு. இனிமே நான் ஊத்துறேன்.”

அன்றைக்கு நான் பெரட்டுக்குப் பிந்திவிட்டேன். மண்டோர் எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி ஏசினார். சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.